திரும்பிப் போன பாதித் தட்டம்

போன கோடையில் அம்மா இலங்கையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் வேலை செய்யும் ஊரிலிருந்து விடியற்காலை ரயிலேறி இருவரும் லண்டன் போனோம். மறுநாள் வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போவதாக இருந்தது. இறைச்சி சாப்பிடுவதென்றால் அந்த வியாழன் மதியம்தான். அம்மாவை ஒரு துருக்கி உணவகத்துக்கு அழைத்துப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். உணவுப் பட்டியலை வரிவரியாக வாசித்துச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. அடனா என்ற ஊரின் முறைப்படி, கொத்திய ஆட்டிறைச்சியை மிளகாயுடன் பிசைந்து, அகலக் கம்பியில் பிடித்துக் கரி நெருப்பில் சுடுவார்கள். அதை இருவருக்கும் சேர்த்து ஒரே தட்டமாகக் கொண்டுவரச் சொன்னேன்.

அம்மா கத்தியைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, சண்டைக்கு வந்த மாதிரிக் கிடக்கு."

"கையாலை சாப்பிடுங்கோ அம்மா. ஒருத்தரும் பாக்காயினம்."

"நீ முதல் சாப்பிடு. நான் பிறகு சாப்பிடுறன்."

நல்ல துண்டுகளாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். வீட்டிலும் எப்போதும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன். பல்கலைக்கழக விருந்துகளில் பழகியபடி கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அப்படி வைத்தால் இங்கே சாப்பிட்டு முடிந்தது, எடுக்கலாம் என்று அர்த்தம்.

திரும்பி வந்தபோது மேசை துடைத்திருந்தது.

"சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"ஓம், வயிறு நிறைஞ்சிட்டுது."

நம்பினேன். வெளியே போகும்போது பரிமாறியவர் என்னிடம் வந்து, எங்கள் சாப்பாடு உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாதித் தட்டம் அப்படியே திரும்பி வந்ததாம். அம்மாவின் தட்டில் ஒரு துண்டுகூட வைத்த அடையாளம் இல்லையாம்.

அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"ஏனம்மா எடுக்க விட்டனீங்கள்?"

"அவன் வந்து ஏதோ கேட்டான். சாப்பாடு நல்லதோ எண்டு கேக்கிறான் எண்டு நினைச்சுத் தலையாட்டினன். தூக்கிக்கொண்டு போயிட்டான்."

"அதை எனக்குச் சொல்லக்கூடாதோ?"

"உனக்கு வெக்கமாப் போயிடும் எண்டுதான்."

திரும்பவும் உட்கார்ந்து இன்னொரு தட்டம் சொன்னேன். இந்த முறை நான் எதையும் தொடவில்லை. அம்மா ரொட்டியைப் பிய்த்து, இறைச்சியைச் சுற்றிச் சாப்பிடத் தொடங்கினார். தலை நிமிரவில்லை. விடியற்காலை குடித்த தேநீர் தவிர அவர் வயிற்றில் எதுவும் இருந்திருக்கவில்லை.

பசியோடு அம்மா சாப்பிடுவதை இருபத்தாறு வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் நான் சாப்பிட்டு முடித்துப் புத்தகத்தோடு எழுந்து போயிருப்பேன். அவருக்கு என்ன மிஞ்சியது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் படித்து வந்ததை என் கெட்டித்தனம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அன்று தலை நிமிராமல் சாப்பிட்ட அம்மாவின் முகம் என்னைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.