இறங்கி நின்று கொடுத்த ரைட்

பகல் பன்னிரண்டுக்குக் குடியேற்ற அலுவலகத்தின் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் ஃபைலைக் கொடுத்து, தங்கும் அனுமதியை நீட்டிக்கும் முத்திரையை வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் இன்று ராத்திரியே விமானம் ஏறவேண்டியதுதான். மகள் இந்த அந்நிய ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடப்பாள்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் ஊரில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸின் பின்வாசலில் நின்ற மனிதர். வெளிநாட்டுக்கு வருவதாக இருந்தவள் அவர் மனைவி. கிளம்பப் பத்து நாள் இருக்கையில் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். "உங்களை அனுப்புறதுக்குக் கட்டுப்போட்ட இந்தக் காலை மட்டும் பார்சல் பண்ணலாம். உங்களைவிட அது உபயோகமா இருக்கும்" என்று சொல்லித்தான் வழியனுப்பினாள்.

மருமகன் கப்பலில் இன்ஜினியர். கரை தொட இன்னும் ஐந்து வாரம். மகளுக்கு எட்டாவது மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுக்கையைவிட்டு எழக்கூடாது, எதற்கும் பதறக்கூடாது. கூட ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிய கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அனுமதி முடிவதோ இன்றைக்கு.

காலையே சரியில்லை. திரைபோட்ட பெட்டிக்குள் உட்கார்ந்தால் தானே படம் பிடிக்கும் இயந்திரம், மூன்று தடவை அவர் முகத்தை ஏற்க மறுத்தது. கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் மனமிறங்கியது. நகல் எடுக்கும் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. பஸ் ஏறும்போது மணி பத்து முப்பத்தைந்து.

டிரைவர் மட்டும்தான். கண்டக்டர் கிடையாது. அட்டையை இயந்திரத்தில் காட்டிவிட்டு ஏறுகிறார்கள், யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவருக்கு அது ஆளில்லாத கடைக்குள் நுழைவதுபோல இருந்தது. இருந்தாலும் ஏறும்போதே வண்டி எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டார்: 4417. தட எண் பயணிக்கு, வண்டி எண் தொழிலாளிக்கு. இடது பக்கம் மூன்றாவது சீட்டு, ஜன்னல் ஓரம். பதினாலாவது ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஃபைலை மடியில் வைத்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது ஸ்டாப்பைத் தாண்டியதும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒரு சந்துக்குள் திரும்பியது. எதிரே ஒரு லாரி. இரண்டும் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல நின்றன. நடந்தே போய்க்கொள்கிறோம் என்று இரண்டு பேர் கேட்க, டிரைவர் நடுக்கதவைத் திறந்துவிட்டார். பிறகு ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கினார். பீப், பீப்.

வண்டி பின்னால் போகிறது, பின்னால் ஆள் இல்லை. அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். இடம் போய்விடக்கூடாதே என்று ஃபைலைச் சீட்டில் போட்டுவிட்டு, இன்னும் மூடாத நடுக்கதவு வழியாக இறங்கி வண்டிக்குப் பின்னால் ஓடினார். ஒரு விளக்குக் கம்பம், பக்கத்தில் நாலைந்து சைக்கிள்.

"வரலாம், வரலாம்... ஒடிச்சு... ஒடிச்சு... போதும்."

மொழி புரியாத டிரைவர் கண்ணாடியில் தெரிந்த கையைப் பார்த்து ஒடித்தார். வண்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. கண்டக்டர் உள்ளங்கையால் பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்."

கதவு மூடியது. வண்டி போய்விட்டது.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கொடுத்த ரைட்டுக்கு அவரையே விட்டுவிட்டுப் போன வண்டி அது ஒன்றுதான். ஓடினார். தொற்றிக்கொள்ளப் படியும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. வழுவழுவென்று கண்ணாடிக் கதவு.

பாஸ்போர்ட், டாக்டர் கடிதம், படங்கள் எல்லாம் அந்தச் சீட்டில். மணி பத்து ஐம்பத்தெட்டு.

மகளைக் கூப்பிடப் போனை எடுத்தார். பதறக்கூடாது என்றது ஞாபகம் வந்து பையில் போட்டார். மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். வந்த வழியே நடந்து ஒன்பதாவது ஸ்டாப்புக்குத் திரும்பியபோது அதே தடத்தில் அடுத்த பஸ் வந்து நின்றது. ஓட்டுகிறவள் ஒரு பெண். சட்டைப்பைப் பேனாவால் உள்ளங்கையில் 4417 என்று எழுதிக் காட்டினார். ஃபைல் அகலத்துக்குக் கையை விரித்தார், மூடினார். அவள் உதட்டைப் பிதுக்கி அவர் போனைக் காட்டினாள். யாரையாவது பேசச் சொல் என்று அர்த்தம். வேறு வழியில்லை.

"என்னப்பா, வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. நீ பதறக்கூடாது. கையில கட்டியிருக்கே, அந்த பிரஷர் மிஷின் என்ன காட்டுது?"

"அது கிடக்கட்டும். விஷயத்தைச் சொல்லுங்க."

"ஃபைல் பஸ்ல போயிடுச்சு."

"நீங்க?"

"நான் ரோட்ல நிக்கிறேன். வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு. பின்னாடி பார்க்கலாம்னு இறங்கினேன்."

"இறங்கி?"

"ரைட் குடுத்துட்டேன்."

மறுமுனையில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரிக்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்பா, அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க, காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. டிரைவர்கிட்ட போனைக் குடுங்க. வண்டி நம்பர் தெரியுமா?"

"நாலு நாலு ஒண்ணு ஏழு. இடது பக்கம், மூணாவது சீட்டு."

அந்தப் பெண் போனில் மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், பிறகு வயர்லெஸ்ஸில் பேசினாள். உள்ளே இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கரகரப்பான பதில் வந்தது. போன் திரும்ப அவர் கைக்கு வந்தது.

"ஃபைல் இருக்காம்ப்பா. கடைசி ஸ்டாப்புல ஆறு நிமிஷம்தான் நிப்பாங்களாம். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள கிளம்பிடும்."

"கடைசிவரைக்கும் நான் எதுக்குப் போகணும்? ஆபீஸ் ஸ்டாப்புல இறங்கி எதிர்ப்பக்கம் நிக்கிறேன். போன வண்டி திரும்பி அந்த வழியாத்தானே வரணும்?"

"சரி. இந்தத் தடவை பஸ்ஸுக்கு உள்ளேயே இருங்க."

பதினொன்று இருபத்தேழுக்கு எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்றார். சாலைக்கு அந்தப் பக்கம் அலுவலகத்தின் கதவு நன்றாகத் தெரிந்தது. ஒரு பஸ் வந்தது, 4402. இன்னொன்று வந்தது, 4431. பதினொன்று நாற்பது. ஆறு நிமிஷம் என்றவர்கள் எங்கே டீ குடிக்கிறார்கள்? தானும் அதே கடைசி ஸ்டாப்பு டீயை எத்தனை தடவை இன்னும் ஒரு வாய் என்று இழுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மகள் தனியாகக் கிடப்பாள், பிள்ளைபெறும் நேரத்தில் மொழி தெரிந்த முகம்கூட இருக்காது.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு 4417 வந்தது. டிரைவர் ஃபைலை நீட்டினார். ஏதோ சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு தட்டிச் சிரித்தார். கண்டக்டர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பு. நம் ஊராக இருந்தால் கையைக் காட்டிக்கொண்டே கடந்திருப்பார். தங்க அனுமதி கேட்டுப் போகிறவன் அலுவலக வாசலிலேயே மாட்டிக்கொள்ளக்கூடாது. நின்றார். அந்த விளக்கு மாற ஒரு யுகம் ஆயிற்று.

ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவருக்குச் சட்டென்று புரிந்து கண்ணாடியைக் கழற்றினார். கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். தலைக்குமேல் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம். முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. மூன்று மாதம். அவர் நகர்ந்ததும் ஜன்னல் சாத்தப்பட்டது. பின்னால் நின்றவரின் முகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு மாசம் குடுத்துட்டாங்கம்மா."

"இங்க நர்ஸ், எதுக்கு இவ்வளவு சிரிக்கிறேன்னு கேக்கறாங்கப்பா. பிரஷர் இறங்கியிருக்காம்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். தோண்டிய இடம் வந்தது. வண்டி சந்துக்குள் திரும்பியது, எதிரே ஒரு வேன், பஸ் பின்னால் போகத் தொடங்கியது. பீப், பீப். ஃபைலை இரண்டு கையாலும் மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. வண்டி ஒடித்து நேரானதும், செருப்புக்குள் கட்டைவிரல் மட்டும் இரண்டு முறை தட்டியது.