தீபாவளியன்றும் நிற்காத இரைச்சல்

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. ஊசியும் நானே போடுவதால் எல்லோருக்கும் நான் டாக்டரய்யா. அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கொழுந்து பறிக்கும் ஒருத்திக்குக் காசநோய். கைக்குழந்தைக்காரி. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்திருந்தார்கள். போடப்போட இருமல் அடங்கியது, முகம் தேறியது. ஏதோ நானே அவளைப் பிழைக்கவைத்த மாதிரி பூரித்துப்போனேன்.

தீபாவளியன்று ஊசிக்கு வந்தவள், "பண்டிகைக்குக்கூட ஸ்டோர நிறுத்தலீங்களா? இரைச்சல் தாங்கல," என்றாள்.

தேயிலை அரைக்கும் ஸ்டோர் முதல்நாளே நின்றுவிட்டது. காலைப் பட்டாசும் ஓய்ந்து, மலை முழுக்க ஒரு சத்தமில்லை. கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தேன்.

"எத்தன நாளா கேக்குது?"

காதைக் கிட்டே கொண்டுவந்தாள். உரக்கக் கேட்டேன்.

"ஒரு மாசமாங்க. நாங்க குடியிருக்கிற லயம் ஸ்டோருக்குப் பக்கத்துலதானே, அந்தச் சத்தம்னு இருந்துட்டேன்."

காதின் உட்புறத்தில், கண்ணுக்கே தெரியாத மயிரிழைகள் கொண்ட செல்கள் இருக்கின்றன. சத்தம் வந்தால் அந்த இழைகள் அசையும், செய்தி நரம்புக்குப் போகும். கிருமியைக் கொன்ற மருந்தே அவற்றையும் கொன்றுகொண்டிருந்தது. அவை சாவதுதான் அவளுக்கு இரைச்சலாகக் கேட்டது. செத்தது செத்ததுதான், திரும்ப முளைக்காது.

பெரிய டாக்டரிடம் ஓடினேன். ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பும், மாற்று மருந்து கையில் இல்லை என்றார். அவளிடம் வந்து சொன்னேன், பாதியைக் கைச் சைகையால்.

"போடுங்கய்யா," என்றாள். "செத்துட்டா மட்டும் எம்புள்ள பேசுறது கேக்குமா?"

போட்டேன். என்மேலேயே எரிச்சலாக வந்தது, ஆனாலும் கடைசி ஊசிவரை போட்டேன்.

நோய் போய்விட்டது. மறுவருடம் சுவரைப் பிடித்துப் பிடித்து மருந்தறைக்குள் வந்தாள். நடக்கும்போது தள்ளாட வைத்ததும் அதே மருந்துதான். இடுப்பில் குழந்தை.

"புள்ள பேசுதாம், எல்லாரும் சொல்றாங்க. என்னாங்கய்யா சொல்லுது?"

குழந்தை அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பித் திருப்பி, "அம்மா, அம்மா," என்றுகொண்டிருந்தது.

"அம்மான்னு கூப்பிடுதும்மா," என்றேன். பிறகு கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.