ஆறாத டர்போ

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டில் என் மச்சினன் தன் டீசல் காருக்குப் பெரிய டர்போ போட்டான். டர்போ என்பது எஞ்சின் கக்கும் சூடான புகையால் சுழன்று, அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சக்கரம். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். அதற்கு வேறு சில சாமான்களையும் மாற்ற வேண்டும். அவன் டர்போவை மட்டும் மாற்றினான். விசில் சத்தம் பலமாகக் கேட்டது. அவனுக்கு அது போதும்.

போராட்டத்தை நடத்திய சாதிச் சங்கத்தின் மாநிலத் தலைவர் கள்ளக்குறிச்சிக்குப் பேச வரவிருந்தார். புறவழிச்சாலையிலிருந்து மைதானம் வரை அவரை ஏற்றிச்செல்வது இவன் வண்டி என்று முடிவாகியிருந்தது. தலைவர் ஏறிய காரின் சொந்தக்காரனுக்கு ஒன்றியத்தில் பொறுப்பு கிடைக்காமல் போகாது என்பது அவன் கணக்கு. கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போக எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எழுதத்தான் தெரியும் மாமா. கெத்து இன்னான்னு தெரியாது."

கூட்டத்தன்று காலை வெள்ளிமலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராகப் புறவழிச்சாலைக்குப் போவதாக ஏற்பாடு. கூட்டத்தைப் பற்றி என் பத்திரிகைக்கு நான் செய்தி அனுப்ப வேண்டியிருந்ததால் கூடவே ஏறிக்கொண்டேன். கல்வராயன் மலை வளைவுகளில் கார் முதலில் முனகியது. கரும்புகை விட்டது. பிறகு வளைவின் நடுவில், யாருக்கும் வேகம் தேவைப்படாத இடத்தில், திடீரென்று பாய்ந்தது. சாலையோரம் மூட்டையோடு நின்ற பெண் புகை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாமா, எல்லாம் நம்ம வண்டியத்தான் பாக்குது."

டர்போவை மாட்டிய மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: விரட்டி ஓட்டினால் உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் டர்போ கருகிவிடும்.

மலையிறங்கியதிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்த காலை அவன் எடுக்கவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலை மறியல். மறித்தவர்கள் அவனுடைய சங்கத்தார். அவர்களில் இருவர் சொந்தக்காரர்கள். மறியலுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடினால் போராட்டத்தை மதிக்கவில்லை என்று பொருள். எனவே முதலில் சாவியைப் பிடுங்குவார்கள்.

"ரெண்டு நிமிசம்டா. டர்போ ஆறணும்."

"இன்னாது? சாமி மலையேறும்னு கேட்டுக்கிறேன். உங்க டர்போ இப்பத்தான் மலை எறங்கினு இருக்குதாண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கை உள்ளே நீண்டது. எஞ்சின் நின்றது.

"டேய், தலைவர ஏத்தப் போற வண்டிடா!"

"காலைலேர்ந்து வர்றவன்லாம் இதத்தான் சொல்லிக்கினு வரான். குந்துண்ணே, டீ சாப்புடு."

அரை மணி கழித்துச் சாவியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நேரமாகிவிட்டதென்று முன்னைவிடக் கடுமையாக விரட்டினான். ஊர் எல்லையில் இன்னொரு மறியல்; அங்கும் அதே சட்டம். அதற்குப்பின் விசில், தகரத்தை ஆணி கிழிப்பது போன்ற சத்தமாக மாறியது. ஆயில் எரிந்த நீலப் புகை பின்னால் சுவர்போல எழுந்தது.

புறவழிச்சாலையில் தலைவர் தான் வந்த காரிலிருந்து இறங்கி மாலைகளை வாங்கிக்கொண்டிருந்தார். மச்சினன் ஓடிப்போய்த் தன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். தலைவர் துண்டால் மூக்கை மூடினார்.

"இன்னாய்யா, கொசு மருந்தா அடிக்கிறீங்க?" என்றார். வந்த காரிலேயே திரும்ப ஏறிக்கொண்டார்.

ஊர்வலத்தின் கடைசி வண்டி கடக்கும்வரை இவன் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"மாமா, பேப்பர்ல 'காரில் அழைத்துச் சென்றார்'னு மட்டும் போட்டுடுங்க."

"யார், யாரை?" என்று கேட்டேன்.

அவன் போய்ப் பின்கதவைச் சாத்தினான். செய்தி அனுப்ப நேரமாகிக்கொண்டிருந்தது. மைதானத்துக்கு நான் நடந்தே போனேன்.