கடித்து வைத்த ரொட்டி

“அம்மா, பேசுறப்ப நமக்கெல்லாம் வாயிலேர்ந்து புகை வருது. அந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் வரலை?”

ஐந்து வயது இங்கார் இப்படிக் கேட்டது நள்ளிரவில் அல்ல. கல்லறைப் பக்கத்திலும் அல்ல. ஒரு ஜனவரி மாதப் பிற்பகலில், அல்மாத்திக்கு வெளியே தாஸ்புலாக் என்ற ஊரில், விற்பனைக்கு வந்த ஒரு வீட்டுக்குள் நின்றுகொண்டு கேட்டாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இங்காரின் அம்மா மக்பால் பொய் சொல்லத் தெரியாதவள். இதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. அந்த வீட்டில் இன்றும் ஆட்கள் குடியிருப்பதால் ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மக்பாலுக்கு நகரத்தில், ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் வேலை. கணவன் தௌலெத் பேருந்து ஓட்டுபவன். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நடுக்குளிரில் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? நகரத்துக்குள் வீடு என்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். அவர்கள் கைக்கு எட்டியது தாஸ்புலாக் மட்டும்தான். அங்கே புதிதாகக் குடியேறிய எல்லாரும் இவர்களைப் போன்றவர்களே. விடியுமுன் முதல் பேருந்தில் நின்றபடி தூங்கிக்கொண்டே நகரத்துக்குப் போவார்கள். இருட்டிய பின் திரும்புவார்கள். மாதத்துக்கு மாதம் அந்த ஊரில் புதுக்கூரைகள் முளைத்துக்கொண்டிருந்தன.

“எனக்கு லீவு இல்லை. நீயே போய்ப் பாரு. உன் மனசுக்குப் பட்டாச் சரி,” என்றான் தௌலெத். “ஆனா இன்னைக்கே பதில் சொல்லணும். வேற ஒரு குடும்பம் அட்வான்ஸைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குதாம்.”

“வெலை ஏன் இவ்வளவு குறைச்சலா சொல்றாங்க?”

“குறைச்சலாக் கெடைச்சா அல்லாவுக்கு நன்றி சொல்லு. அதுக்கும் ஒரு விசாரணையா?”

மூன்று மணிக்கு மக்பாலும் இங்காரும் தாஸ்புலாக்கில் இறங்கினார்கள். மூடுபனி. எதிர்வரிசை வீடுகள் வெறும் நிழல்களாகத் தெரிந்தன. பேருந்து நிறுத்தத்துக் கடையில் மக்பால் ஒரு வட்ட ரொட்டி வாங்கி, சூடு ஆறாமல் இருக்கக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மதிலில் பச்சைக் கதவு போட்ட வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்றபோது கைப்பேசி ஒலித்தது. வீட்டுத் தரகர் கலியா.

“தங்கச்சி, ரோட்டுல வண்டியெல்லாம் மூக்கோட மூக்கு உரசிக்கிட்டு நிக்குது. நீ அங்கேயே நில்லு. வேற தரகன் எவனாவது கூப்பிட்டாப் போயிடாதே. கோழிக்கூண்டை மாளிகைன்னு சொல்லி வித்துருவான்.”

“நீங்க எப்படிக்கா விப்பீங்க?”

“நான் கோழிக்கூண்டுன்னு சொல்லித்தான் விப்பேன். சாவி எங்கிட்ட இருக்கு. வந்துட்டே இருக்கேன்.”

மக்பால் காத்திருந்தாள். பக்கத்து வீடுகளில் எல்லாம் நிலக்கரி அடுப்பு எரிந்தது. புகைபோக்கிகளிலிருந்து எழுந்த புகை பனிமூட்டத்தோடு கலந்தது. இந்த வீட்டுப் புகைபோக்கி மட்டும் சும்மா நின்றது. இங்கார் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தாள். பிறகு குதிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

க்ளக்...

பச்சைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது.

அறுபதைத் தாண்டிய ஒருவர் நின்றார். மேலே கோட்டு இல்லை. சாம்பல் நிறச் சட்டையும் காலில் வீட்டுச் செருப்பும்தான். சட்டையின் ஒரு கைப்பகுதி முழுக்கக் கரி.

“வீடு பாக்க வந்தீங்களாம்மா? குழந்தை நடுங்குதே. உள்ள வாங்க.”

சொந்தக்காரரின் உறவாக இருக்கும் என்று மக்பால் நினைத்துக்கொண்டாள். ஸலாம் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினார். மூன்று பேரும் முற்றத்தைக் கடந்தார்கள். பனி அவள் காலணிக்கடியில் நறநறவென்று நொறுங்கியது. முன்னால் போனவர் நடையில் சத்தமே இல்லை. வீட்டுச் செருப்பு, அதனால்தான் என்று நினைத்தாள்.

உள்ளே வெளியைவிடக் குளிர்.

சாமான்கள் அதிகம் இல்லை. சமையலறையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு ரொட்டிப் பெட்டி, இரண்டு முக்காலிகள், சுவர் அலமாரி, சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய செங்கல் அடுப்பு. அவர் நேராக அடுப்பிடம் போய், குளிர்காய்கிறவரைப் போல இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

“நல்ல வீடும்மா. தெற்குப் பாத்த ஜன்னல். கெணத்துத் தண்ணி இனிப்பா இருக்கும். ஆனா இந்த அடுப்பை மூட்டிடாதீங்க.”

“ஏன் ஐயா?”

“புகைபோக்கி உச்சிக்கு நாலு கல் வரி கீழே செங்கல் விழுந்து கெடக்கு. புகை உள்ள திரும்புது.” அடுப்புச் செங்கலைத் தடவினார். பிறகு சன்னமாகச் சொன்னார். “புகை போற தகட்டை நான் மூடலை. யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.”

அவர் ஏன் இவ்வளவு வருத்தமாகச் சொல்கிறார் என்று மக்பாலுக்குப் புரியவில்லை. “அடுப்புக்காரரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன் ஐயா,” என்றாள்.

அப்போதுதான் இங்கார் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். குனிந்த அம்மாவின் காதில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மக்பால் நிமிர்ந்தாள். தன் மூச்சைப் பார்த்தாள். வெள்ளையாகப் போயிற்று. மகளின் மூச்சும் அப்படித்தான்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

எதுவும் வரவில்லை.

வயதானவர், உடம்பில் சூடு குறைவு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அல்லாவின் பெயரையும் சொல்லிக்கொண்டாள்.

“இதையும் பாத்துக்கோங்க,” என்று அவர் உள்ளறையைக் காட்டினார். சுவரில் ஓர் ஆணி. அதில் வெள்ளைத் துணி மூட்டை. துணியின் இடைவெளியில் ஒரு ரொட்டி தெரிந்தது. காய்ந்து கல்லாகிப்போன ரொட்டி. ஓரத்தில் ஒரு கடி.

அது என்னவென்று மக்பாலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூரம் போகிற பிள்ளை ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மீதியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். வேறு கை படக்கூடாது.

“என் பையன் தல்கத். மேற்கே எண்ணெய்க் கெணத்துல வேலை. வந்தான்னா சொல்லிடும்மா. ரொட்டி இங்கேயே இருக்கு, அப்பா மூடலைன்னு.”

“சொல்றேன் ஐயா,” என்றாள் மக்பால்.

அவர் முகம் லேசானது. உடனே அவசரமாக மேசைக்கு வந்தார். வந்தவர்கள் வீட்டு ரொட்டியை வாயில் வைக்காமல் போவதா? பெட்டியைத் திறந்தார். காலி. அலமாரியைத் திறந்தார். காலி. கரி படிந்த கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு மனிதர் தன் வீட்டிலேயே அப்படிக் கூசி நிற்பதை மக்பாலால் தாங்க முடியவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“உங்க வீட்டு மேசையில இருக்குல்ல, உங்க ரொட்டிதான் ஐயா. நீங்களே பிச்சுக் குடுங்க.”

அவர் அவளையே பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி மூன்றாகப் பிய்த்தார். அம்மாவும் மகளும் தின்றார்கள். அவர் தின்னவில்லை. தன் துண்டை முகத்தருகே வைத்து, கண்ணை மூடி, வாசனை பிடித்தார்.

நெடுநேரம்...

வாசனை மட்டும்.

கைப்பேசி அலறியது.

“தங்கச்சி, எங்க போயிட்டே? வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்துறேன்.”

“உள்ளதான்க்கா இருக்கோம்.”

“எந்த வீட்டுக்கு உள்ள?”

“இந்த வீட்டுக்குத்தான். பெரியவர் கதவைத் திறந்து விட்டாரே.”

தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு கலியாவின் குரல் வேறு மாதிரி வந்தது.

“எந்தப் பெரியவர்...? பூட்டு வெளிப்பக்கம் தொங்குது. சாவி என் கையில இருக்கு.”

மக்பால் திரும்பினாள்.

மேசையில் ஒரு துண்டு ரொட்டி.

அவ்வளவுதான்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முற்றத்துப் பனியில் உள்ளே வந்த தடங்கள் அப்படியே இருந்தன.

அவளுடைய பெரிய ஜோடி.

இங்காரின் சின்ன ஜோடி.

வேறு தடம் இல்லை.

வெளியே நின்ற கலியா பூட்டைத் திறந்தாள். கேலிப் பேச்சு எல்லாம் ஓடிப்போயிருந்தது. சட்டை, செருப்பு, கரி படிந்த கை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஜாகிப் ஐயா. போய்ச் சேர்ந்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. அடுப்புல விஷப்புகை. பையன் வருவான் வருவான்னு பாத்துட்டு, மனசு விட்டுப்போய் அவரே புகைத்தகட்டை மூடிக்கிட்டார்னு ஊர்ல பேசினாங்க. பனிப்புயல்ல ரயில் நின்னு, அடக்கம் முடிஞ்சப்புறம்தான் பையன் வந்தான். இந்த வாசல்லதான் அந்தப் பேச்சை அவன் காதால கேட்டான். அப்படியே திரும்பிட்டான். வித்துருங்கன்னு போன்லதான் சொன்னான்.”

“அந்த ரொட்டியை ஏன் அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க?”

“சாமானெல்லாம் எடுத்தோம். அதை யாரு தொடுவா? கடிச்சவன் உயிரோட இருக்கானே.” கலியா அவள் கையைப் பிடித்தாள். “உனக்கு வேணாம்னாப் போ தங்கச்சி. வெளியில மட்டும் சொல்லிடாதே. அடுத்த குடும்பம் இன்னைக்கே பணம் கட்டிருவாங்க. கைக்குழந்தைக்காரங்க, நாளைக்கே அடுப்பு மூட்டிக் குடி வந்துருவாங்க.”

மக்பாலின் கால்கள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தன. ஓடிப் போய்விடலாம். மாதக் கடைசிக்குள் வேறு ஏதாவது கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஆனால் நாளைக்கு இந்த அடுப்பில் நெருப்பு விழும். அதன் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தூங்கும்.

“அட்வான்ஸ் நாங்க குடுக்குறோம்,” என்றாள். “முதல்ல புகைபோக்கியை ஒடைச்சுப் பாக்கணும்.”

அன்று மாலை தௌலெத் தலையில் கை வைத்துக்கொண்டான். “செத்தவர் குடுத்த ரொட்டியைத் தின்னுட்டு வீடு வாங்க வந்திருக்கே. ஊருலகத்துல நீ ஒருத்திதான்டி.”

“ரொட்டி என்னோடதுங்க.”

“அதைச் சொல்லி வேற சமாதானம் பண்ணிக்கிறியா?”

என்றாலும் மறுநாள் விடுப்பு போட்டு, அடுப்பு கட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு அவனே வந்தான். அவர் கூரைமேல் ஏறிப் புகைபோக்கியை மேலிருந்து பிரித்தார். ஒரு வரி... இரண்டு... மூன்று... தௌலெத் கீழே நின்று தானும் எண்ணினான். நான்காவது வரிக்கு நேரே அவர் கையை உள்ளே விட்டார். குறுக்கே விழுந்து சிக்கிக் கிடந்த இரண்டு கரிய செங்கற்களை வெளியே எடுத்தார்.

“தகட்டை யாரும் மூட வேணாம் தம்பி. ஆளைக் கொல்ல இது ஒண்ணே போதும்,” என்றார். “உள்ளே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

தௌலெத் செங்கற்களை வாங்கிக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் மனைவியைக் கேலி செய்யவில்லை.

உறைகுளிரில் சாந்து இறுகாது என்பதால், பிரித்த புகைபோக்கியைப் பனி கரைந்த பின்தான் திரும்பக் கட்ட முடியும். ஓட்டைமேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடிவிட்டு இறங்கினார் அடுப்புக்காரர். அந்த வீட்டில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. மூட்டவும் முடியாது. மாதக் கடைசியில் குடி வரும்போது மின்கணப்பு வாங்கிக்கொள்வது என்று தௌலெத் முடிவு செய்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தல்கத் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நகரத்துக்கு வந்தான். மக்பால் கேட்டுக்கொண்டதால் தாஸ்புலாக் வரை வந்தான். பச்சைக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். முப்பது வயதுக்காரன். முகம் மட்டும் கிழடு தட்டியிருந்தது.

“உள்ள வரலைக்கா. சாவிதான் உங்ககிட்ட இருக்கே.”

மக்பால் கதவோரம் துடைத்து வைத்திருந்த இரண்டு செங்கற்களைக் காட்டினாள்.

“புகைபோக்கிக்குள்ள விழுந்து கெடந்துச்சு தம்பி. அடுப்புக்காரர் எடுத்தார். உங்கப்பா எதையும் மூடலை.”

அவன் கையுறையைக் கழற்றினான். செங்கல்மேல் விரல்களை வைத்தான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“உங்க ரொட்டி ஆணியிலேயே இருக்கு. அதை நான் தொடக்கூடாது,” என்றாள் மக்பால். யார் சொல்லச் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை.

தல்கத் தனியாகவே முற்றத்தைக் கடந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. மக்பால் இங்காரின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நின்றாள். இரண்டு பேருந்துகள் வந்து போயின.

அவன் வெளியே வந்தபோது கோட்டுப் பொத்தான்கள் திறந்திருந்தன. நெற்றியில் வியர்வை. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகத்தில் இருந்த கிழடு போயிருந்தது.

“அடுப்பு மூட்டி வெச்சதுக்கு நன்றிக்கா,” என்றான். “உள்ள நல்லாக் கதகதப்பா இருந்துச்சு.”

மக்பால் கூரையைப் பார்த்தாள். தகரத்தின்மேல் பனி ஒரு முழம் உயரத்துக்கு, கலையாமல் கிடந்தது.

அவன் பேருந்து ஏறும்வரை நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அவள் வாயிலிருந்து புகை வந்தது. அடுப்பைத் தொட்டாள். பனிக்கட்டி.

ஆணியில் ஒன்றும் இல்லை. மேசையில், அன்று அவர் முகர்ந்துவிட்டு வைத்த துண்டும் இல்லை. ஒரு துகள்கூடச் சிந்தியிருக்கவில்லை. நான்காக மடித்த வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

சூடாக இருந்தது.