பஹ்ரைன் வீட்டுக்குப் பால் காய்ச்சியது

முத்துக்கனி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி மீனின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நாற்காலியில்தான். இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு அவளைத் தரையில் உட்கார நான் விடுவதில்லை. பக்கத்தில் அடுப்பு, அதன்மேல் குக்கர். எதிரே அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்த போன். அதற்குள் அவள் மகள் இந்துஜா, பஹ்ரைனில் தன் அடுப்படியில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசவில்லை. ஒரே அடுப்படியில் வேலை செய்கிற தாயும் மகளும் ஓயாமல் பேசிக்கொண்டா இருப்பார்கள்?

விசில் அடித்தது. முத்துக்கனி கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"எம்மா, அது எனக்க குக்கரு!" என்றாள் இந்துஜா.

அன்று எங்களுக்கு வேகாமல் விறைத்த சோறுதான். இது அடிக்கடி நடக்கும். ஒருநாள் போனுக்குள் மழைச் சத்தம் கேட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க என்னை விரட்டினாள். போய்ப் பார்த்தால் ஆரல்வாய்மொழியில் நல்ல வெயில், துணியைப் பிய்த்துக்கொண்டுபோகும் காற்று, தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வீடுகளில் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறேன். என்னை ஏற்பாடு செய்தவள் இந்துஜா. வந்த புதிதில் முத்துக்கனி கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாள். போனைக் கட்டிலுக்குக் கொண்டுவர மாட்டேன், அது அடுப்படியில்தான் இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னைத் திட்டினாள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்படி நடந்து நடந்து அவள் மகளின் அந்த பஹ்ரைன் வீட்டுக்கே போய்விட்டாள். எந்தக் குழாய் ஒழுகும், எந்த நேரத்தில் சன்னலில் புறா வந்து உட்காரும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். அங்கே சுவரில் வெயில் ஏறும்போது அந்த வெளிச்சம் இவள் முகத்திலும் ஏறும். சன்னலுக்கு எதிர்ச்சன்னல் செசிலியுடையது. குளச்சல்காரி. அவளும் சேர்ந்துகொள்வாள்.

"எம்மா, ஆரல்வாமொழியில ஏது மீனு? காத்தைப் பிடிச்சா கொழம்பு வைக்கிய?"

"உனக்க ஊருக் கடலை நீயே வச்சுக்கட்டி. எனக்கு வண்டியில வரும்."

இங்கே அடுத்த வீட்டுக்கு யாரோ வாடகைக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. சுவருக்கு அப்பால் யாராவது இருமினால் முத்துக்கனி போனைப் பார்த்து, "செசிலிக்கு இருமல் இன்னும் விடல்லியே, நேசக்கா" என்பாள். நான் திருத்தியதில்லை.

பிறகு ஒருநாள் இந்துஜா சொன்னாள், மருமகன் வேலைக்குப் பக்கமாக வேறு ஊரில் வீடு பார்த்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மாறுகிறார்கள் என்று.

முத்துக்கனி கேட்டது ஒன்றுதான். "அப்போ செசிலி?"

"அவ இங்கதானம்மா இருப்பா."

வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இந்துஜா போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறியாகக் காட்டினாள். வெறும் அறைகள். கட்டில் கிடந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. "அடுப்படிச் சன்னல்ல என்னை வச்சிட்டு நீ போய் வேலையப் பாரு" என்றாள் முத்துக்கனி. 'போனை' என்று சொல்லவில்லை, 'என்னை' என்றாள். புறா வந்தது, போயிற்று. எதிர்ச்சன்னலில் செசிலி ஈரத்துணியோடு நின்றாள்.

"எம்மா, போறியளா?"

"போயிட்டு வாறேன் மக்களே."

கடல் தாண்டாதவள், கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குக்கூடப் படகில் போகாதவள், போயிட்டு வாறேன் என்றாள்.

அன்று படுத்தவள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழும்பவில்லை. போன் அடித்தாலும் எழும்பவில்லை.

"எழும்பு முத்துக்கனி. அடுப்படிக்கு நட."

"அங்க போய் என்ன செய்ய? அங்க ஒண்ணும் இல்லல்லா."

துக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. படுக்கையோடுதான் சண்டை. இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், பிறகு கால் தரையைத் தொடாது. ஞாயிறு மதியமே குதிகால் சிவந்திருந்தது. அப்படிக் கிடந்து போனவர்களை நான் துடைத்துக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் இந்துஜா எனக்குப் போன் செய்தாள். புது வீட்டில் கேஸ் இன்னும் வரவில்லையாம், கடையில் வாங்கித் தின்கிறார்களாம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே கேட்டேன்: "அப்போ இதுவரைக்கும் பால் காய்ச்சலியா, பிள்ளே?"

கட்டில் கிறீச்சிட்டது.

"ஏட்டி! பால் பொங்காத வீட்டுலயா போய்க் கிடக்கிய?" முத்துக்கனி ஒரு கையை ஊன்றி எழும்பியிருந்தாள்.

"அடுப்பு இல்லாம எப்பிடிம்மா காய்ச்ச?"

"அடுப்பு இஞ்ச இருக்குல்லா. நாளைக்குக் காலையில நீயும் மருமவனும் குளிச்சிட்டு நில்லுங்க."

மறுநாள் காலை நான் எழுப்பப் போகும்போது அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வாக்கரைத் தேடிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் குளிக்கவைத்தேன். அடுப்படிக்குத் தானே நடந்தாள். போனுக்குள் புது வீட்டின் வெறும் சுவர் முன்னால் மகளும் மருமகனும் தூக்கக் கண்களோடு நின்றார்கள். முத்துக்கனி பாலை அடுப்பில் வைத்தாள். எல்லோரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை மெல்ல எழுந்து, விளிம்பில் தயங்கி, வழிந்தது.

"எந்தப் பக்கம்மா?"

"கிழக்கதான்."

"இங்கயா, அங்கயா?"

"கிழக்கு எங்கயும் கிழக்குதானட்டி."

சீனி போட்டு டம்ளர்களில் ஊற்றினாள். எனக்கு ஒன்று தந்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் போனைப் பார்த்தாள். "பால் காய்ச்சினா அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும்லா" என்றாள்.

டம்ளரை நான் வாங்கிக்கொண்டேன். அவள் வாக்கரோடு வாசல் தாண்டினாள். காற்று சேலையை இழுத்தது. அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தது சின்னப் பெண். அஞ்சலி என்று பேர் சொன்னாள், காற்றாலை மெக்கானிக்கின் மனைவி.

"என்ன விசேஷம் ஆச்சி?"

"நாங்க வீடு மாறிட்டோம். அதுக்குத்தான் இந்தப் பாலு."

அவள் எங்கள் வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். இருமினாள்.

முத்துக்கனி அவளை உற்றுப் பார்த்தாள். "அப்போ நீதானா அது?" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "நேசக்கா, போய்க் கொஞ்சம் மஞ்சப்பொடி எடுத்துட்டு வாரியா? நான் இஞ்ச இரிக்கேன்" என்றாள்.