பாலத்தடியில் வலப்பக்கம்

யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பதால், ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆதாரம் சார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியது வயிற்றுக்கு. ஊர்ச் சரித்திரம் எழுதியது ஆசைக்கு. பழைய குடும்பங்களின் பரணெல்லாம் ஏறி, தும்மித் தும்மி, தடித்தடியாகப் புத்தகம் போட்டார். கண் மங்கியது, முட்டி தேய்ந்தது. அந்தப் புத்தகங்களைப் படித்தவர்களைவிடக் கதவுக்கு முட்டுக் கொடுத்தவர்கள்தான் அதிகம்.

ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் ஆட்களை அழைத்துப்போய் ஊரைச் சுற்றிக் காட்டினார். நீதிமன்றம், மணிக்கூண்டு, பெரிய வீடுகள். பாலத்தடி வந்ததும் கூட்டத்தை இடப்பக்கம் திருப்பிவிடுவார். வலப்பக்கம் அவர் பிறந்த சந்து. கப்பலில் கூலியாக வந்த தாத்தா குடியேறிய இடம். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. "வந்தேறி தன் பெருமையைப் பேசறான்" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், எழுதிய அத்தனையும் பொய்யாகிவிடுமே என்ற பயம்.

அந்தச் சந்திலேயே இருந்த அக்கா விடுவதாக இல்லை.

"ஊரான் வீட்டுத் தூணுக்கெல்லாம் வயசு சொல்றே. நம்ம அப்பா பேரு எங்கடா?"

"பாக்கலாம்க்கா."

"நான் போனப்புறமா?"

ஒரு ஞாயிறு, வெயில் மண்டையைப் பிளந்தது. பாலத்தடியில் முட்டி மடங்க மாட்டேன் என்றது. இடப்பக்கம் நெடிய மேடு. வலப்பக்கம், கூப்பிடு தூரத்தில் அக்கா வீட்டு நாற்காலி. சரித்திரமாவது ஒன்றாவது, உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. நொண்டிக்கொண்டே வலப்பக்கம் திரும்பினார். கூட்டமும் கோழிக்குஞ்சு மாதிரி பின்னாலேயே வந்தது.

நாற்காலியில் சரிந்தவரிடம், கூட்டத்தோடு வந்திருந்த பெரிய வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். "இங்க என்ன சார் விசேஷம்?"

அக்கா தண்ணீர்க் குவளையோடு வாசலில் நின்றாள். சாக்குச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"எங்க தாத்தா குடியேறின இடம். உங்க வீடு கட்ட மண்ணு சுமந்தவர். எங்கப்பா இங்கதான் பொறந்தார்." அப்பாவின் பெயரையும் சொன்னார்.

"எங்கள மட்டும் கேப்பீங்களே சார், ஆதாரம் இருக்கா?" என்று மடக்கினார் பெரிய வீட்டுக்காரர்.

ஆதாரம் சார் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "இருக்கே! முட்டி வலிக்குதுன்னு உக்காந்திருக்கு, பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரிய வீட்டுக்காரரும்தான். வந்தேறி என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு முட்டி வலி விட்டிருந்தது. ஆனாலும் பாலத்தடி வந்ததும் ஆதாரம் சார் லேசாக நொண்ட ஆரம்பித்தார்.