கழிவுக்கு விடச் சொன்ன கார்

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். படிப்பைப் பாதியில் விட்டு வானொலி திருத்தும் கடையில் வேலை செய்தார். பின்னர் லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒற்றை அறையில் இருந்துகொண்டே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"எளிமையாக வாழ்ந்து மறைந்தவர்" என்று அண்ணாவின் இந்த நினைவு மலரில் எழுதும்படி பெரியப்பாவின் மகன் கேட்டுக்கொண்டார். அவர் வாயில் ‘எளிமை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நான் வந்த இரண்டாம் வருடம், குரோய்டனில் எனது அகதி விசாரணை. அன்று ரயில்கள் ஓடாது என்று அறிவித்திருந்தார்கள். டாக்சி பிடிக்க வசதியில்லை. விசாரணைக்கு முந்தின நாள் காலை, ஃபாரஸ்ட் கேட்டில் அண்ணாவின் பதினாறு வயதுக் கார் நின்றுவிட்டது. பக்கத்துக் கராஜ்காரர் காரின் முன்பக்க பொனற்றைத் திறந்து எட்டிப் பார்த்தார், கைகூட வைக்கவில்லை.

"முழு வயரிங்கும் மாத்த வேணும். கழிவுக்கு விடுங்கோ."

அண்ணா அழைத்ததும் பெரியப்பாவின் மகன் புதுக் காரில் வந்து இறங்கினார். உதவ அல்ல, சிரிக்க.

"தம்பி, உந்தத் தகரத்தைத் தள்ளிக்கொண்டோ குரோய்டனுக்குப் போகப்போறாய்?"

"நாளைக்கு உங்கட காரில தங்கச்சியைக் கொண்டுபோய் விட ஏலுமோ, அண்ணை?"

"சீற்றெல்லாம் புதுசடாப்பா. அவள் வழியில சத்தி எடுத்து நாறடிச்சால்?"

அண்ணா காரின் பக்கம் திரும்பினார். மழையில் குனிந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில், ஒரு சென்சரோடு வயர்களை இணைக்கும் கனெக்டர் விரிசல் விட்டு, உள்ளே பச்சைக் களிம்பு பூத்து, ஒரு வயர் அறுந்திருந்தது. கட்டைவிரல் அளவுச் சாமான்! பழைய கார் உடைக்கும் யார்டுக்கு நடந்தே போய், அதே மாதிரிக் காரிலிருந்து கனெக்டரைக் கொஞ்ச வயரோடு வெட்டி வந்தார். நிறம் பார்த்துச் சேர்த்து, ஈயம் உருக்கி ஒட்டி, தனித்தனியே டேப் சுற்றினார். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது.

"இவ்வளவுதான் பிள்ளை. நாளைக்குப் போறம்."

போனோம். வதிவிட அனுமதியும் கிடைத்தது. அதற்காக வைத்த விருந்தில் பெரியப்பாவின் மகன் எழுந்து, "குடும்பமாய்ச் சேர்ந்துதான் இவளைக் கரைசேர்த்தனாங்கள்" என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணா கறி பரிமாறிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆறு வாரங்களும் ஆஸ்பத்திரியில் அண்ணாவைப் பிள்ளைபோல் பார்த்த தாதியருக்கும், நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலேசிய அம்மையாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு நாளும் எட்டிப் பாராமல், இறுதிச் சடங்கிற்கு ஆளுயர மாலையோடு வந்த உறவினர்களுக்கு, மாலைக்கு நன்றி.

அவர்களை மட்டும் ஏசிவிட்டு நான் தப்ப முடியாது. எனக்கு அலுவலக வேலை கிடைத்து, போய்ச் சேர்ந்த முதல் நாள், அதே காரில் வாசலில் போய் இறங்க வெட்கப்பட்டு, "தெரு முனையில விடுங்கோ அண்ணா, நான் நடந்து போறன்" என்றேன். அண்ணா உடனே ஓரமாக நிறுத்தினார். மறுநாளிலிருந்து, நான் சொல்லாமலே முனையில் நிறுத்தினார்.